எட்டாம் நம்பர் செருப்பு

போலீஸ் வந்தது. படம் எடுத்தது.
இருபது நிமிஷத்தில் போய்விட்டது.
கம்பெனிக்கு வந்த தாளில் ஒரு வரி அரபி.
டிரைவர் அருளப்பன் எழுத்துக்கூட்டி வாசித்தான்:
இதயம் நின்றதால் மரணம்.
மூணாவது மாடியிலேருந்து விழுந்தா
யாருக்குத்தான் நிக்காது என்றான் தவசி.

அன்றிலிருந்து ஜுபைல் கேம்ப், பதினாறாம் அறை
இரவுச் சோற்றுக்குப் பிறகு துப்பறியும் இலாகா.
ஆறு கட்டில்.
ஒன்றில் இப்போது வெங்காய மூட்டை.

நெய்னா கட்டிலில் சம்மணமிட்டு
கேஸ் ரசீதின் முதுகில் வரைவார்:
இது மொட்டைமாடி, இது தண்ணீர்த் தொட்டி,
இது துணி காயும் கம்பி.
சேவுகனுக்கு ஒரு பெருக்கல் குறி.
"கால் தவறினவன் சுவரோரமா விழுவான்.
இவன் பன்னெண்டடி தள்ளிக் கெடந்தான்.
ஒண்ணு ஓடிவந்து குதிச்சிருக்கணும்,
இல்ல ஒருத்தன் தள்ளியிருக்கணும்."
ஊரில் அவர் கேரம் ஆட்டத்தில் கோப்பை வாங்கியவர்.
கோணங்களில் அவருக்குச் சந்தேகமே வராது.

தவசிக்கு எல்லாம் காசு.
சேவுகன் சீட்டு எடுத்த மாதம். நாலாயிரம் ரியால் எங்கே?
தலையணையைத் தையல் பிரித்தே பார்த்துவிட்டானாம்.
எப்போது பிரித்தாய் என்று
யாரும் கேட்கவில்லை.

வங்காளி மொனிருல் அரைகுறை இந்தியில்
போர்மேன் என்றான், மூன்று மாதச் சம்பளம் என்றான்,
செவ்வாய்க்கிழமை சண்டை என்றான்.
சொன்ன கையோடு எழுந்துபோய்
கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

அருளப்பன், பெண் விவகாரம் என்றான்.
டயர் பஞ்சரானாலும் அப்படித்தான் சொல்வான்.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் எல்லோரும்
செருப்பில் வந்து நிற்பார்கள்.
தொட்டியோரம் கிடந்த ஒற்றைச் செருப்பு.
நீல வார். எட்டாம் நம்பர்.
சேவுகனுக்கு ஆறு.
"ஆகையினால், மாடியில இன்னொருத்தன் இருந்திருக்கான்."
அந்த ஆகையினாலை
ஜட்ஜ் மாதிரி இழுப்பார் நெய்னா.
வராந்தாவில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எல்லாம்
டார்ச் அடித்துத் திருப்பிப் பார்த்தோம்.
நானும் குனிந்து பார்த்தேன்.

என் செருப்பு அது.

பத்தே முக்கால் இருக்கும்.
"மாடியில சட்ட காயுது, எடுத்துட்டு வந்துர்றேன்,
ஒங்க செருப்பப் போட்டுக்கவாண்ணே?"
அவனுடையதில் வார் அறுந்து ஒரு வாரம்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த நான்
ம் என்றேன்.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
எட்டுக்குள் ஆறு வழுக்கும் என்று தெரியும்.
வழுக்கினவன் பன்னிரண்டடி போகமாட்டான் என்றும்.

விடிவதற்குள் பக்காலாவுக்குப் போய்
புதுச் செருப்பு வாங்கினேன். கறுப்பு. ஏழாம் நம்பர்.
கட்டைவிரல் இன்னும் எரிகிறது.
இக்காமா புதுப்பிக்க அப்போது பதினெட்டு நாள் பாக்கி.
அதை ஒரு காரணமாக
எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் பெட்டி திருச்சி போய்ச் சேர்ந்தது.
அடுத்த வெள்ளி அவன் மனைவி பேசினாள்.
ஸ்பீக்கரில் போட்டு
பன்னிரண்டடி, நாலாயிரம், எட்டாம் நம்பர் என
நெய்னா வரிசையாகச் சொன்னார்.
கடைசிவரை கேட்டாள்.
பிறகு,
"சட்டைய எடுத்துட்டுக் கூப்புடுறேன்னு வச்சாரு.
பொட்டியில அது இல்லியே.
காக்கி கலரு, பையில நான் பேர் தச்ச சட்ட.
யாருகிட்ட இருக்கு?"

மொட்டைமாடிக் கம்பியில்
இரண்டு கிளிப் மட்டும் இருந்ததை
எல்லோருமே பார்த்திருந்தோம்.

அன்றைக்கு யாரும் படம் போடவில்லை.
விளக்கணைத்து வெகுநேரம் கழித்து
இருட்டில் யாரோ தன் பெட்டிப் பூட்டை
மெல்ல இழுத்துப் பார்க்கும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் இன்னொரு பூட்டு.
மூன்றாவது என்னுடையது.