ஆர்வமின்மை

களப்பணிப் பதிவேட்டின் பதினோராம் பக்கத்தில்
நான் எழுதியது இது:
அழைத்தது இருபத்து மூன்று பேரை.
வந்தது நான்கு பேர்.
காரணம்: ஆர்வமின்மை.

கானாடுகாத்தானில் அந்தக் கூட்டம்.
கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு.
சென்னைச் சித்தப்பாவிடம் போனில் கெஞ்சி
அனுமதி வாங்கியிருந்தேன்.
அப்பாவின் பங்கு பதினாறில் ஒன்று என்பதில்
அன்று கொஞ்சம் பெருமைகூட.

வளவில் சமுக்காளம் விரித்தேன்.
இருபத்து மூன்று டம்ளர், ஒரே அளவு, ஒரே கடை.
பாகுபாடு பார்க்காதவள் என்று
அவை சொல்லட்டுமென்று துடைத்து வைத்தேன்.
சுவரில் ஒரு சார்ட்:
நாம் எல்லோரும் ஒன்று.
ஐந்து மணிவரை அந்தச் சமுக்காளத்தில்
வெயில்தான் இடம் மாறி மாறி உட்கார்ந்தது.

மறுநாள் பூக்கல் பட்டறையில்
முத்திருளாயி கண்ணாடிமேல் பச்சை ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ஏன் வரலை?"
கையை எடுக்காமல் திருப்பிக் கேட்டாள்:
"எந்த வாசல் வழியா?"

எனக்கு விளங்கவில்லை.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்,
எங்கள் வீடுகள் அப்படித்தான்.
கல்யாணப் பத்திரிகை முன்தெருவின் பெயரைப் போடும்.
அவள் அம்மா நெல் அவித்ததும்
அவள் அண்டா துலக்கியதும்
அடுத்த தெரு வழியாக.
முப்பது வருஷத்தில் அந்த வளவு அவளுக்கு
நான்காம் கட்டு நிலைக்கு அப்பால்
தூரத்தில் ஒரு சதுர வெளிச்சம்.

"காவக்காரரு பின்னால வாங்கன்னாரு. திரும்பிட்டோம்.
ஆர்வம் இல்லாமயா
ரெண்டு மணிக்கே வந்து வெயில்ல நின்னோம்?"

வந்த நால்வரும் முன்தெருக்காரர்கள்.
யார் எந்த வழியாக வந்தார் என்பதற்குப்
பதிவேட்டில் பத்தி இல்லை.

"எல்லாரும் ஒண்ணுன்னு எழுதி ஒட்டியிருந்தீகளாம்.
ஒண்ணுன்னா யாரு மாதிரி?
ஒங்க மாதிரியா, எங்க மாதிரியா?
இந்தா சஞ்சுக்தா, ஒடிசாக்காரி,
நீங்க பேசுறது அவளுக்குப் பாதி வெளங்காது.
ரோசாமணிய ஆம்பளப் பேருல கூப்பிட்டீக,
ரேசன் கார்டுல அப்படித்தான் இருக்குன்னு."

மன்னிப்புக் கேட்டேன்.
அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.
ஈரக் கல் ஒன்றை என் கையில் கொடுத்து
"புடிங்க, ஓரம் உடையாம" என்றாள்.

சித்தப்பா போனில் சிரித்தார்.
சேவை பண்ணு ஆத்தா, யாரு வேணாங்கிறா,
வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.
பதினைந்து பங்கு அவர் குரலில் பேசியது.
எனக்குத் தொண்டை அடைத்தது.
முதல்முறையாக அவருக்கு முன்னால்
நான் போனை வைத்தேன்.

கூட்டத்தைப் பட்டறையிலேயே நடத்தலாம் என்றேன்.
"நடத்துங்க" என்றாள் முத்திருளாயி.
"ஆனா அந்த வாசலுக்கும் ஒருநா வருவோம்.
நீங்க உள்ள நின்னு வரவேற்க வேணாம்.
எங்களோட வெளிய நில்லுங்க."

பதினோராம் பக்கத்தில் அந்தச் சொல்லை அடித்தேன்.
பேராசிரியர் பச்சை மையில் கேட்டிருக்கிறார்:
அடித்தல் திருத்தல் ஏன்?
விடை எழுத ஓரத்தில் இடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
அவர்கள் பத்தொன்பது பேர்,
முன்தெருவிலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி,
பிறகு நான்.
இதே படியில் எத்தனை தடவை செருப்பைக் கழற்றியிருக்கிறேன்,
கதவின் உயரத்தை இன்றுதான் பார்க்கிறேன்.
நிலைக்கு மேலே இருப்பது யாரென்று
சஞ்சுக்தாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்: "கஜலக்ஷ்மி.
எங்க ஊர்ல பூஜா இருக்கு."
ரோசாமணி தன் பெயரைச் சொல்லி,
என்னை அல்ல, கதவைப் பார்த்துச் சொல்லி,
வளையத்தைத் தட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் அசைகிறது.
திறக்கவா, இன்னும் இறுக்கவா,
வெளியே நிற்பவர்களுக்கு
இரண்டும் ஒரே சத்தம்.