எடுத்துக்காட்டு வாக்கியம்

எங்கள் ஜார்ஜிய அகரவரிசையில்
ஹகரம்தான் கடைசி எழுத்து.
பதினோரு வருட அகராதி
என் மேசைக்கு வந்து முடிகிறது.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை,
ஜன்னலுக்குக் கீழே திபிலிசியின் ஆறு
சேற்று நிறத்தில், அவசரமாக.
அச்சகம் தினமும் போன் செய்கிறது.

இன்றைய அட்டை: ஹோமோஃபோபியா.
பெயர்ச்சொல். கிரேக்க வழி.
பின்பாதிக்குப் பயம் என்று பொருள்.

பயமா?
பக்கத்து அறை ஷோரேனாவுக்கு
உயரம் என்றால் பயம்.
அதற்காக எந்த மலையையும்
அவள் கல்லால் அடித்ததில்லை.
மலைக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று
சொன்னதுமில்லை.

அடித்துவிட்டு, 'வெறுப்பு' என்று எழுதினேன்.
மூத்தவர் கோச்சா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அருவருப்பும் சேரும் என்றார். சேர்த்தேன்.
ஷோரேனா தேநீரோடு வந்து எட்டிப்பார்த்தாள்.
"சிரிப்பை விட்டுவிட்டாயே.
விருந்தில் ஒருவன் குரலை மெலிதாக்கி
இடுப்பை ஆட்டிக் காட்டுவான்.
வயிறு வலிக்கச் சிரிப்போமே, நாம் எல்லோரும்."

அட்டையில் இடம் நெருக்கடி.
கடைசியில் இப்படி நின்றது:
தன்பாலை விரும்புவோர்மீது சிலர் கொள்ளும்
பயம், வெறுப்பு, அருவருப்பு, ஏளனம்;
அவற்றால் செய்வதும் செய்ய மறுப்பதும்.

'சிலர்' நல்ல சொல்.
யார் வீட்டுக் கதவையும் தட்டாது.

இனி எடுத்துக்காட்டு வாக்கியம்.
விதி கண்டிப்பானது: கற்பனை கூடாது,
யாராவது உண்மையில் சொன்னதாக இருக்கவேண்டும்.
பத்திரிகைக் கத்தரிப்புகளைப் புரட்டினேன்.
ஊர்வலம், கல், காவல்துறை, அறிக்கை.
எல்லாம் தூரத்துக் குரல்கள்.
வார்த்தை பிசகாமல் எனக்குத் தெரிந்தது
ஒன்றே ஒன்று.

மூன்று வருடம் முன், டிசம்பர் முப்பத்தொன்று.
அடுப்பில் தேனும் அக்ரூட்டும் இறுகிக்கொண்டிருந்தன.
நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசல் மிதிப்பவரின் கால்தான்
ஆண்டு முழுக்க அந்த வீட்டில் நடக்கும் என்பார்கள் இங்கே.
அது ஜும்பெரின் காலாக இருந்துவிட்டால் என்று
யாரும் வாய்திறந்து கேட்கவில்லை.
போனைத் தோளில் இடுக்கி, கிளறியபடியே
தம்பியிடம் அன்பாகத்தான் சொன்னேன்:

"நீ மட்டும் வா, தெங்கிஸ்.
நாற்காலி போதாது."

அவனும் வரவில்லை.
பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம்.
நாற்காலிகள் பதினான்கு.

அட்டையில் எழுதிவிட்டேன்,
மேற்கோள் குறிகளோடு.
அதற்கடியில் ஒரு சின்னக் கட்டம்:
சொன்னவர் பெயர்.
போன் மணியடிக்கிறது.
அச்சகமாகத்தான் இருக்கும்.