முக்கால் கிலோமீட்டர்

நெல்லித்தோப்பில் செராபின் பட்டறை.
விரித்த தினத்தாளின் மேல் இரண்டு கார்புரேட்டர்.

ஒன்று தட்டை ஸ்லைடு, முப்பத்து மூன்று.
கை திருகிய கணம் வாய் பிளக்கும்,
ஏன் என்று கேட்காது.
மற்றது வேக்குவம்:
என்ஜின் மூச்சு இழுத்தால்தான்
ரப்பர்ச் சவ்வு எழும்பி வழிவிடும்.
"உன் கையை அது நம்பாது" என்றான் செராபின்,
ஜெட்டை ஊதிக்கொண்டே.

என் கையை நம்பாததற்கா சீட்டு எடுத்தேன்?
பெரியதைப் பூட்டினோம்.

மரப்பாலம் சிக்னல். எனக்கு முன்னால்
கடலூர் பஸ், மீன்கூடை கட்டிய மொபெட்.
பச்சை விழுந்ததும் முழுசாய்த் திருகினேன்.
ஒரு விக்கல். வண்டி நின்றது.
பின்னால் அத்தனை ஹார்ன்.
மீன்கூடை அரியாங்குப்பம் பக்கம்
எப்போதோ போய்விட்டது.

தவளக்குப்பம் தாண்டி
சாலை கொஞ்சம் காலியான இடத்தில்
எட்டாயிரம் சுற்றில் கத்தியது பாருங்கள்,
என் முதுகெலும்பு வரைக்கும் கத்தியது.
முக்கால் கிலோமீட்டர்.
அப்புறம் வேகத்தடை.

திரும்பி வந்து வேக்குவத்தை மாட்டச் சொன்னேன்.
தினமும் டூட்டிக்குப் போகணும்.
"அப்போ பெரியதை வித்துடவா?"

வேண்டாம்.
பெட்ரோல் வாடை போகாமல் துணியில் சுற்றி
பீரோவில் வைத்திருக்கிறேன்,
பட்டுச்சேலைக்கு அடியில்.