ப்ரொடெக்ட்

ஏழு ஸ்பீக்கருக்கு ஆன ஆம்பிளிஃபயர்.
தச்சநல்லூர் வாடகை வீட்டு ஹாலில்
ஐந்துதான் வைக்க முடிந்தது.
மீதி இரண்டும் பீரோவுக்கு மேல், அட்டை பிரிக்காமல்,
செண்பகவல்லியின் ஏச்சுக்கு நிரந்தரச் சாட்சி.

நாலாவது கோடையில்
படத்தில் பாலம் இடியும் நேரம் பார்த்து
டிக்.
பிறகு மௌனம்.
முகப்பில் ஒற்றைச் சொல் மினுங்கியது: ப்ரொடெக்ட்.
"எத? யாருட்டருந்து?" என்றாள்.

அணைத்துப் போட்டால் கொஞ்சம் பாடும். மறுபடி டிக்.
"தென்காசிக்கு மாற்றல் கெடச்சிருமா?"
கேட்ட வாய் மூடவில்லை, டிக்.
"பாத்தேளா, சத்தியம் சொல்லுது!"

அன்றிலிருந்து அதற்குப் பல்லி என்று பேர்.
வீட்டுக் கடன், மச்சினன் கல்யாணம்,
சின்னவனின் கணக்குப் பரீட்சை
எல்லாவற்றுக்கும் ஒரு டிக் வாங்கிக்கொண்டோம்.

ஐப்பசியில் அதுவும் நின்றது.
பதினொரு கிலோ.
பிள்ளையைப் போல மடியில் வைத்து
டவுன் பஸ்ஸில் வண்ணார்பேட்டை போனேன்.
குற்றாலிங்கம் திருகாணி கழற்றி, மூடியைத் தூக்கி,
தூசியை ஊதினான்.
"வே, இங்க பாரும்."

பச்சைப் பலகையின் மேல்
இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால்,
அப்பளமாகக் காய்ந்து
நிஜமாகவே ஒரு பல்லி.

ரிலே மாற்றி, கூலியோடு எண்ணூறு.
இப்போது பாலம் ஒழுங்காக இடிகிறது,
மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுமளவு.

அவளிடம் சொல்லவில்லை.
மாற்றல் உத்தரவும் வரவில்லை.
எதையாவது கேட்டுவிட்டு, பழக்கத்தில்,
பெட்டிப் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறாள்.