எழுத்துக்கு ஒரு ஷில்லிங்

டர்பன், உம்பிலோ சாலை முனை.
பலகை அவருடையது, ஏணி என்னுடையது.
எழுத்துக்கு ஒரு ஷில்லிங்,
நிழல் போட்டால் மூன்று பென்ஸ் கூட.

முதலில் 'ஹெலனிக்' என்றார்.
ஆங்கிலத்தில் எட்டு எழுத்து.
விரல்விட்டு எண்ணியவர் உதட்டைப் பிதுக்கினார்.
'இந்தத் தெருவில் யாருக்குப் புரியும்?
ஒருகாலத்தில் எங்கள் பாதிரிகளே
சிலை கும்பிடுகிறவனை வைய
வைத்திருந்த சொல் அது.'

'கிரீக்' ஐந்துதான். மலிவு.
'அது ரோமாபுரிக்காரன் கொடுத்தது.
கடல் தாண்டியதும் எதிர்ப்பட்ட
ஏதோ ஒரு சின்னக் கூட்டத்தின் பேரை
எங்கள் எல்லார் தலையிலும் கட்டிவிட்டான்.'

அவர் பிறந்த ஸ்மிர்னாவில்
துருக்கியர் கூப்பிட்டது 'ரூம்'.
ரூம் என்றால் ரோம்.
'அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.
ஊர் எரிந்த இரவு வரைக்கும்
நாங்கள் ரோமர்கள், தெரியுமா?'
அவர் சிரித்தார்.
என் தூரிகை காய்ந்துகொண்டிருந்தது.

'எங்கள் பாஷையில் நீங்கள் யவனர்' என்றேன்,
ஏணிமேலிருந்து, திரும்பாமல்.
'மிளகு வாங்கக் கப்பலில் வந்தவர்கள்.'
யவனர். இரண்டு தரம் மென்று பார்த்தார்.
'யவன்... யோன்... அயோனியா!
அட, அது என் கரை. ஸ்மிர்னா இருக்கிற கரையேதான்.
போயும் போயும் நீங்களா சரியாகச் சொன்னீர்கள்?'
கல்லாவை விட்டு வெளியே வந்து
பிடிக்கத் தேவையில்லாத என் ஏணியை
வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது,
பக்க ஜன்னல் வழியே, தகரக் குவளையில்.
உள்ளே பீங்கான். உள்ளே வெள்ளைக்காரர்கள்.
சட்டப்படி அவரும் வெள்ளைதான்;
அவர் அந்தப்பக்கம் திரும்பியதும்
மேசைகளில் அவர்கள் சொல்வது வேறு.

கடைசியில் 'கார்னர் கஃபே' என்றாயிற்று.
பத்து எழுத்து. நிழல் வேண்டாம்.

ரசீது எழுதினார்: சம்மிக்குப் பத்து ஷில்லிங்.
முனுசாமி, ராமசாமி, கோவிந்தசாமி
எல்லாரையும் நறுக்கி
இந்த ஊர் செய்துகொண்ட ஒரே பெயர்.
என் பெயர் வேதகிரி.
அதில் சாமியே கிடையாது.
சொல்ல வாயெடுத்தேன், வாசலில் யாரோ
சிகரெட் கேட்டார்கள், அவர் போய்விட்டார்.

ட்ராலி பஸ் மாடியில், எங்களுக்கான கடைசி இருக்கையில்
கணக்கு நோட்டைத் திறந்தேன்.
உம்பிலோ முனை, யவனர், வரவு பத்து.
மை உலர்வதற்குள் உறைத்தது,
அந்த மனிதர் பெயரை
நானும் கேட்கவில்லை.