இரண்டாம் வாரம், நான்காம் கேள்வி

இரவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
பொன்பாடி எடைமேடைக்கு லாரி வராது.
அந்த ஒரு மணி நேரம்தான் என் கல்லூரி.

பில் புத்தகத்தின்மேல் கைபேசியைச் சாய்த்துவைப்பேன்.
எங்கோ பனி பெய்யும் ஊரிலிருந்து
ஸ்வெட்டர் போட்ட அம்மாள் ஒருத்தி
குடும்பங்களின் வரலாறு நடத்துகிறாள்.
ஆறு வாரம், இலவசம்.
சான்றிதழ் வேண்டுமென்றால்தான் காசு.

அவள் பேசுவது அடியில் தமிழாக ஓடும்,
இயந்திரம் பெயர்த்த தமிழ்.
'ஹவுஸ்ஹோல்ட்' என்று அவள் சொல்லும்போதெல்லாம்
'வீட்டுப் பிடி' என்று எழுதியது.
சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
பிடிதானே.

முதல் வாரப் பாடம்:
உங்கள் வீடு எந்தெந்த அரசின் கணக்கில் இருந்தது?
எழுதினேன்:
எங்கள் வீடு சித்தூர் ஜில்லாவில் பிறந்து
அறுபதில் செங்கல்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு
இப்போது திருவள்ளூரில் குடியிருக்கிறது.
ஓர் அடி நகரவில்லை.
பத்துக்குப் பத்து போட்டாள்.

இரண்டாம் வாரம், நான்காம் கேள்வி.
கணக்கெடுக்க வருகிறவர்
யாரையெல்லாம் ஒரே குடும்பமாக எழுதுவார்?
அ. ஒரே கூரையின்கீழ் தூங்குகிறவர்களை.
ஆ. ஒரே ரத்தத்தில் பிறந்தவர்களை.
இ. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களை.

'ஆ'வை அமுக்கினேன்.
தவறு என்று சிவப்பாக வந்தது.

என் அப்பா ஏகாம்பரம், லாரி டிரைவர்.
திங்கள் முதல் வியாழன்வரை வீட்டில்.
வெள்ளி சாயந்தரம் கரும்பு லோடு என்று
நகரிப் பக்கம் போவார்.
ஆலை மூடிக் கிடந்த கோடையிலும்
கரும்பு லோடு இருந்தது.
நாங்கள் கேட்கவில்லை.

போன ஆவணியில் அவரைத் தூக்கிய அன்று
செருப்பைக் கையில் பிடித்தபடி
கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பையன் நின்றான்.
முகம் யாருடையதோ.
காது மட்டும் அப்பாவுடையது.
பாடை நகரும்போது
'நாய்னா' என்றான், மெதுவாக,
பக்கத்தில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி.
அண்ணன் கன்னையன் திரும்பிப் பார்த்தான்,
பார்க்காத மாதிரி நடந்தான்.

இன்னும் இரண்டு முயற்சிகள் பாக்கி என்றது கைபேசி.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா
தூக்கு நிறையக் காரக்குழம்பு ஊற்றித் தருவாள்.
ஒரு ஆளுக்கு இவ்வளவா என்றால்
'வழியில யாராவது பசியோட இருப்பாங்க.'
திங்களன்று தூக்கு திரும்பி வரும்,
கழுவி, உள்ளே புளிச்சக்கீரைத் தொக்கோடு.
மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்.
எந்த ஓட்டலில் இப்படிக் கட்டித் தருவான்?
அம்மா அதை எங்கள் சோற்றில் பிசைந்து போட்டாள்.
தானும் ஒரு வாய் வைத்தாள்.
'உப்பு தூக்கல். கை நல்ல கை.'

பத்தொன்பது வருஷம்
அந்தத் தொக்கைத் தின்று வளர்ந்திருக்கிறேன்.

'இ'.
பச்சையாக ஒரு டிக் விழுந்தது.

மூன்றே காலுக்கு ஜல்லி லோடு ஒன்று ஏறியது.
ஆந்திரா நம்பர்.
நிறைவண்டி ஒரு தடவை, வெறும்வண்டி ஒரு தடவை,
கழித்தால் சரக்கு.
அப்பாவை எப்படி எடைபோடுவது?
பாரத்தோடு வந்தாரா, இறக்கிவிட்டு வந்தாரா,
எந்தப் பக்கம் போகும்போது காலி?
டிரைவர் ஜன்னலில் தட்டி
சில்லறை கேட்டான்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கச்
செவ்வாயன்று வி.ஏ.ஓ. ஆபீஸ் போனோம்.
அதற்கும் காசு வேண்டாம் என்றுதான்
சுவரில் எழுதியிருந்தது.
'வாரிசு எத்தனை பேரும்மா?'
மூணு என்று கன்னையன் வாயெடுத்தான்.
'நாலு' என்றாள் அம்மா.

மின்விசிறி சுற்றியது.
கன்னையன் வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

நாலாவது பேர் என்ன என்று கேட்டவர்
முணிகிருஷ்ணா என்று எழுதினார்.
எட்டிப் பார்த்த அம்மா
விரலை வைத்துச் சொன்னாள்:
'முனிக்கு ரெண்டு சுழி சார்.'