இலுப்பை பார்க்காதவள்

ஹைம்வில்லுக்கு மேலே, தார்ச்சாலை முடிந்து
பதினோரு கிலோமீட்டர் சரளைக்கல்லில் குலுங்கி ஏறினால்
ஒரு கிளினிக். அதற்குள் ஒரு குளிர்பெட்டி.
அதற்குள் குழந்தைகளுக்கான தடுப்பூசி.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
இடையிலுள்ள ஆறு டிகிரிதான் என் சம்பளம்.

மார்ச் மாதம். குளிர்பெட்டியைப் பின்கதவு வெளிச்சத்துக்கு இழுத்துவந்து
புல்லில் மண்டியிட்டு முதுகைத் திறக்கிறேன்.
பக்கத்தில் கருவிப்பெட்டி.
விளிம்பெல்லாம் சாயம் உரிந்த
தீயணைப்பு வண்டிச் சிவப்பு.

பாறைச் சரிவிலிருந்து வந்தது.
வௌவால் குஞ்சு என்றுதான் முதலில் நினைத்தேன்.
உள்ளங்கை அகலம். காப்பிக்கொட்டை நிறம்.
இறக்கை நெடுக மஞ்சள் திட்டுகள்,
பின்னிறகில் நீலக் கண்கள்.
என்னைச் சுற்றவில்லை, என்னை மதிக்கவேயில்லை.
நேரே பெட்டிமேல் இறங்கி
சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டி
ஒரு திருகாணியின் தலையைத் தடவியது.
பிறகு அடுத்த திருகாணி. அதற்கும் அடுத்தது.
தவணை வசூலிக்க வந்தவன்
வீடு வீடாய்க் கதவு தட்டுகிற மாதிரி.

ஜன்னலில் சிஸ்டர் சினேதெம்பா சிரித்தாள்:
"அதுக்குச் சிவப்புன்னா போதும்.
போன வருஷம் என் ஸ்வெட்டரை விடலை,
ஆத்துப்பாலம் வரைக்கும் கூடவே வந்துச்சு."

மீதியும் அவள் சொல்லித்தான் தெரியும்.
புல்லில் முட்டை.
புழு பகலெல்லாம் தூரடியில் பதுங்கி
இருட்டிய பின் ஏறி மேயும்,
உறைபனி கடித்த தாளைக்கூட.
வெயில் உச்சிக்கு வந்தால் இறக்கைக்காரி
பாறை நிழலுக்குள் போய் ஒட்டிக்கொள்வாள்.
சாய்ந்ததும் மறுபடி சிவப்பு:
ஓடைக்கரையில் தீப்பந்தம் போலொரு பூ,
வெடிப்புக்குள் எட்டாத லில்லி.
மாதக்கணக்கில் புல்லைத் தவிர
வேறொன்றும் அறியாத புழுவுக்கு
யார் காதில் ஓதினார்கள் இந்த நிறத்தை?

எங்கள் டோங்காட்டில் இன்னும் சொல்வார்கள்:
ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.
இலுப்பையை நான் பார்த்ததில்லை,
அம்மாவும் பார்த்ததில்லை.
ஆலையோ எங்கள் தெருமுனையில்.
எரித்த கரும்பின் கரி
கொடியில் காயும் வெள்ளைத் துணியாகப் பார்த்து விழும்.
துளியும் பொருந்தாத பழமொழியை
நாலு தலைமுறையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்,
அதுவும் சரியான இடத்தில்.

ஆலை ஊர்க்காரி, சும்மா விட மனசில்லை.
ஃபிளாஸ்க்கில் ரூய்போஸ் தேநீர் இருந்தது,
மூன்று ஸ்பூன் சீனி, ஆறிப்போய்.
விரல்நுனியில் ஒரு சொட்டெடுத்து
அதன் முன்னால் வைத்தேன்.
சீந்தவில்லை.
சொட்டைச் சுற்றிக்கொண்டு போய்
காய்ந்த சாயத்தில் மறுபடி நாக்கை ஊன்றியது.
கால் படாத தூரத்தில் வைத்துவிட்டேனோ என்னவோ.

குளிர்பெட்டி நான்கில் வந்து நின்றது.
கருவிகளை உள்ளே போட்டு மூட வேண்டும்.
மூடவில்லை.
வேலைத்தாளில் அந்தக் கால் மணி நேரத்தை
'தெர்மோஸ்டாட் கண்காணிப்பு' என்று எழுதினேன்.
கையெழுத்து: கனகவல்லி மூட்லி.

அடுத்த பிப்ரவரிக்குள் கம்பெனி
எல்லோருக்கும் சாம்பல்நிறப் பெட்டி கொடுத்துவிட்டது.
இலேசானது, துருப்பிடிக்காதது,
ஒருவர் பெட்டிக்கும் இன்னொருவர் பெட்டிக்கும் அடையாளமில்லாதது.

அதே பின்கதவு. அதே நேரம்.
சரிவிலிருந்து ஒன்று வந்தது.
அதுவாக இருக்காது, அதற்கு அவ்வளவு ஆயுசில்லை.
என் தோளைக் கடந்து
மருத்துவக் கழிவின் சிவப்பு வாளிக்குப் போனது.
மூடியை ஒரு சுற்று, கைப்பிடியை ஒரு சுற்று.
நாக்கைச் சுருட்டிக்கொண்டு
ஓடைப் பக்கம் தாழ்ந்து பறந்தது.

அங்கே பூத்திருந்ததா,
நான் போய்ப் பார்க்கவில்லை.
முள் ஒன்பதில் நின்றது.